கேபினட் கட்ட ஆசையா? முதலில் இந்தப் பெயரில்லாத கிட்டை வாங்குங்கள்

வீட்டில் ஆர்கேட் கேபினட், அதாவது காசு போட்டு நின்று ஆடும் பழைய வீடியோ கேம் பெட்டி, கட்டப் போகிறேன் என்று யார் வந்து சொன்னாலும் என் பதில் ஒன்றுதான். பலகையும் வேண்டாம், மானிட்டரும் வேண்டாம், முதலில் இரண்டு பேர் ஆடும் பட்டன்-ஜாய்ஸ்டிக் கிட் ஒன்றை வாங்கிவிடுங்கள். இணையக் கடைகளில் "ஜீரோ டிலே" என்ற பெயரில் வருமே, இரண்டு என்கோடர் போர்டு (அழுத்தும் பட்டனைக் கணினிக்குச் சொல்லும் சின்ன சர்க்யூட்), இரண்டு ஜாய்ஸ்டிக், 20 பட்டன், ஒரு கொத்து வயர், இரண்டு யூஎஸ்பி கேபிள், அதுதான். தயாரித்தவர் பெயர் பெட்டியில் இருக்காது, எப்படி மாட்டுவது என்று சொல்லும் தாள்கூடப் பெரும்பாலும் இருக்காது. ஆனாலும் இந்தப் பொழுதுபோக்குக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் இல்லை என்பது என் உறுதியான கருத்து. குறைகள் இருக்கின்றன, சில நிஜமாகவே எரிச்சலூட்டும், அவற்றையும் விடாமல் சொல்கிறேன், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் அந்த இடங்களில்தான் மனம் சோர்ந்து திரும்பிப் போகிறார்கள்.

ஆர்கேட் என்றதும் எல்லோர் மனதிலும் வருவது அந்தப் பெரிய பெட்டிதான். பக்கவாட்டில் படம், மேலே ஒளிரும் பெயர்ப்பலகை. ஆனால் ஆடும்போது கை தொடுவது ஸ்டிக்கையும் பட்டனையும் மட்டும்தான். 1980-இல் வந்த பாக்-மேனை விசைப்பலகையில் ஆடிவிட்டு, அதையே ஒரு நல்ல ஸ்டிக்கில் ஆடிப் பாருங்கள், வேறு விளையாட்டு போல இருக்கும். பெட்டியை எப்போது வேண்டுமானாலும் கட்டலாம், கட்டாமலேயும் இருக்கலாம். கன்ட்ரோல் பேனல் சரியாக அமைந்துவிட்டால் ஆர்கேட் பாதிக்கு மேல் வந்துவிட்டது. நிஜச் சிக்கல் என்னவென்றால், பலகை அறுத்து, பெயின்ட் அடித்து, கடைசியில் பட்டன் எங்கே வைப்பது என்று யோசிக்கிற வரிசையில் போகிறவர்கள்தான் அதிகம். பட்டன் இடைவெளி கைக்கு ஒத்துவரவில்லை என்று அப்போது தெரிந்தால் அந்தப் பலகையை வைத்து என்ன செய்வது?

சரி, கிட்டுக்கு வருவோம்.

பட்டன்கள் 30 மி.மீ. விட்டம், ஜப்பானின் சாண்வா நிறுவனத்து ஓபிஎஸ்எஃப்-30 மாடலைப் பார்த்துச் செய்தவை. ஸ்டார்ட், காயின் (காசு போட்டதற்குச் சமம்) பட்டன்களுக்குச் சில கிட்டுகளில் 24 மி.மீ. அளவு வரும், அதனால் ஓட்டை போடும் முன் கையில் இருப்பதை அளந்துவிடுங்கள். அசல் சாண்வா பட்டனை அழுத்தியவருக்கு வித்தியாசம் உடனே தெரியும். அசலில் விரல் பட்டதும் இறங்கிவிடும், இதில் கொஞ்சம் கூடுதல் அழுத்தம் வேண்டும், மேல்மூடி லேசாக ஆடும், சத்தமும் அதிகம். ஆனால் முதல் முறை ஆர்கேட் பட்டனைத் தொடுகிறவருக்கு இது குறையாகவே தெரியாது, அதில் தவறும் இல்லை. முக்கியமான விஷயம், அளவு அசலோடு ஒத்துப்போகிறது. பிறகு நல்ல பட்டன் வாங்கினால் இதே ஓட்டையில் அப்படியே உட்காரும், வயரின் முனையும் பொருந்தும். ஜப்பானிய வகைப் பட்டன்களின் கால்கள் (வயர் மாட்டும் உலோக முனைகள்) பொதுவாக 2.8 மி.மீ. அகலம், ஹாப் போன்ற அமெரிக்க வகையில் 4.8 மி.மீ., அதனால் வகை மாற்றினால் மட்டும் வயரையும் பார்த்து வாங்க வேண்டியிருக்கும்.

ஜாய்ஸ்டிக் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான்.

இந்தக் கிட்டுகளில் இரண்டு வகை ஸ்டிக் வருகிறது. ஒன்று உருண்டைத் தலை, கீழே ஒரு சின்ன போர்டு, அதிலிருந்து 5 முனை கொண்ட ஒரே கேபிள், இது சாண்வா ஜேஎல்எஃப் பாணி. இன்னொன்று பேட் போல நீண்ட தலை, கீழே நான்கு மைக்ரோஸ்விட்ச்கள் தனித்தனியாக, ஒவ்வொன்றுக்கும் தனி வயர். இரண்டாவது வகையை மாட்டும்போது ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். ஸ்டிக்கின் தலையை மேலே தள்ளினால், அதன் அடிமுனை எதிர்த் திசையில் போய்க் கீழ்ப்பக்க ஸ்விட்சைத்தான் அழுத்தும். ஆகவே "மேல்" என்ற வயர் போக வேண்டியது கீழ்ப்பக்க ஸ்விட்சுக்கு, "இடது" போக வேண்டியது வலப்பக்க ஸ்விட்சுக்கு. கிட் பழுது, ஸ்டிக் தலைகீழாக வேலை செய்கிறது என்று சொல்லப்படும் புகார்களில் பெரும்பாலானவை இதுதான். ஐந்து முனைக் கேபிள் வகையில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் ஸ்டிக்கையே 90 பாகை திருப்பிப் பேனலில் பொருத்தினால் திசைகளும் சேர்ந்து திரும்பிவிடும், பொருத்தும் முன் ஒரு முறை கணினியில் செருகிச் சோதித்துவிடுங்கள்.

அடுத்து, 4 திசையா 8 திசையா என்ற கேள்வி. கிட் வரும்போது ஸ்டிக் 8 திசை அமைப்பில் இருக்கும், மூலைவாட்டில் தள்ளினால் இரண்டு ஸ்விட்சும் சேர்ந்து அழுந்தும். 1991-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 போன்ற சண்டை விளையாட்டுகளுக்கு அது கட்டாயம் வேண்டும். ஆனால் பாக்-மேன், 1981-இல் வந்த டாங்கி காங் எல்லாம் 4 திசை ஸ்டிக்குக்காகச் செய்யப்பட்டவை. எட்டுத் திசை ஸ்டிக்கில் பாக்-மேன் ஆடினால், திருப்பத்தில் கை சற்று மூலைக்குப் போனதும் இரண்டு திசைகள் ஒரே நேரத்தில் போய்ச் சேரும், பாக்-மேன் நீங்கள் நினைத்த சந்தில் திரும்பாது, பேய் பிடித்துக்கொள்ளும். உங்கள் கையில் திறமை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், ஸ்டிக்கின் அமைப்பு அப்படி. பல ஸ்டிக்குகளில் அடியில் தண்டின் அசைவுக்கு எல்லை வைக்கும் பிளாஸ்டிக் கேட்டைக் கழற்றி 45 பாகை திருப்பி மாட்டினால் 4 திசையாகிவிடும். இந்தக் கிட்டின் உருண்டைத் தலை ஸ்டிக்கில் அது முடியும் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். ஒவ்வொரு முறையும் பேனலைத் திறந்து மாற்ற முடியாதுதான், அதனால் எந்த வகை விளையாட்டை அதிகம் ஆடுவீர்கள் என்று யோசித்து ஒன்றில் நிறுத்திவிடுங்கள். என்னைக் கேட்டால், ஒரு பக்கத்து ஸ்டிக்கை 4 திசையாகவும் மறுபக்கத்தை 8 திசையாகவும் வைத்துப் பழகலாம், இருவர் சேர்ந்து சண்டை விளையாட்டு ஆடும் வீடாக இருந்தால் மட்டும் அது சரிவராது.

இப்போது போர்டு. பெயர் ஜீரோ டிலே என்றாலும் தாமதம் சுத்தமாகப் பூஜ்யம் இல்லை, யூஎஸ்பி வழியாக வரும் எந்தக் கன்ட்ரோலிலும் சில மில்லி செகண்ட் இருக்கத்தான் செய்யும். நொடிக்கு 60 படச்சட்டம் ஓடும் விளையாட்டில் ஒரு சட்டம் ஏறக்குறைய 16.7 மில்லி செகண்ட். இந்தப் போர்டின் தாமதம் பெரும்பாலானவர்கள் கைக்கு உறைக்கிற அளவில் இல்லை. நிஜமான எதிரி உங்கள் டிவி. படத்தை மெருகேற்றும் வேலைகளை எல்லாம் செய்துவிட்டுத் திரையில் காட்டுகிற டிவிகளில் போர்டைவிடப் பல மடங்கு தாமதம் வரும், அதனால் போர்டைக் குறை சொல்லும் முன் டிவியில் கேம் மோடைப் போட்டுப் பாருங்கள். பழைய விளையாட்டுகளைக் கணினியில் ஓட்டும் ரெட்ரோஆர்க் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் ரன்-அஹெட் என்ற வசதியையும் பார்க்கலாம், விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் தாமதத்தை அது குறைக்கும்.

நான் இதில் உண்மையாகவே குறை சொல்வது வேறு ஒன்றை. இரண்டு போர்டும் கணினிக்கு ஒரே அடையாளத்தைத்தான் சொல்கின்றன, பெயர், எண் எல்லாம் ஒன்று. அதனால் கணினியை அணைத்து ஏற்றும்போது எது முதல் ஆட்டக்காரர், எது இரண்டாவது என்பது சில சமயம் இடம் மாறிவிடும். விருந்தினர் வந்திருக்கும் நேரத்தில் இது நடந்தால் மானம் போகும். ஒரே யூஎஸ்பி போர்ட்டில் எப்போதும் அதே போர்டைச் செருகி வைப்பது பெரும்பாலும் போதும். ஆர்கேட் விளையாட்டுகளைக் கணினியில் ஓட்டும் மேம் (MAME) மென்பொருளில் மேப்டிவைஸ் என்று ஒரு வசதி இருக்கிறது, கன்ட்ரோலர் கோப்பில் ஒவ்வொரு சாதனத்துக்கும் எண்ணைக் கட்டிப்போடலாம். இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்கள் அல்டிமார்க் நிறுவனத்தின் ஐ-பேக் 2 போல இருவருக்கும் சேர்த்து ஒரே போர்டாக வருவதை வாங்கலாம், விலை கூடும், ஆனால் அது விசைப்பலகையாகத் தன்னைக் காட்டிக்கொள்வதால் இடம் மாறும் பேச்சே இல்லை. சண்டை விளையாட்டில் ஊறியவர்களுக்கு ராஸ்பெர்ரி பை பைகோ என்ற சின்ன போர்டில் ஜிபி2040-சிஇ என்ற மென்பொருளை ஏற்றிச் செய்துகொள்ளும் வழியும் இருக்கிறது, நொடிக்கு 1000 முறை கணினியோடு பேசும், மென்பொருள் இலவசம், நேரமும் சால்டரிங் பழக்கமும் இருந்தால் போதும்.

வயர் மாட்டுவது கிட்டின் மிகச் சுகமான பகுதி. சால்டரிங் இல்லை, கிரிம்ப் இல்லை, ஒவ்வொரு பட்டனுக்கும் இரண்டு வயர், எது எந்தக் காலில் போனாலும் பரவாயில்லை, மறுமுனையைப் போர்டில் செருகினால் முடிந்தது. பட்டனுக்குள் விளக்கு இருக்கும் கிட் என்றால் மட்டும் எந்தக் கால் விளக்குக்கு, எது ஸ்விட்சுக்கு என்று பார்த்து மாட்டுங்கள். போர்டில் டர்போ, ஆட்டோ, மோட் என்று சில முனைகள் இருக்கும், அவற்றில் எதையும் செருகாதீர்கள். மோடில் தவறிப்போய் ஒரு பட்டன் மாட்டிவிட்டு, அது அழுந்தியதும் ஸ்டிக் திடீரென்று வேறு மாதிரி நடந்துகொள்வதைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் நிறைய.

வயர்களின் நீளம் ஒரு பேனலுக்குப் போதும். இரண்டு பேர் தோளோடு தோள் இடிக்காமல் நிற்கும் அகலமான பேனலுக்குக்கூடப் போதும், போர்டை ஒவ்வொரு பக்கத்திலும் தனியாக வைத்தால்.

கிட் வந்த அன்றே பலகையில் ஓட்டை போட்டுவிடாதீர்கள், இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கிட் வந்த அட்டைப்பெட்டியிலேயே கத்தியால் வட்டம் வெட்டிப் பட்டன்களைச் செருகுங்கள். வீட்டில் இருப்பவர்களை நிற்க வைத்து ஆடச் சொல்லுங்கள், பெரியவர் கை, சிறுவர் கை இரண்டையும் வைத்துப் பாருங்கள். விரல்கள் இயல்பாக வளைந்து விழும் இடத்தில் பட்டன் இருக்க வேண்டும், நேர்கோட்டில் அடுக்கினால் மணிக்கட்டு வலிக்கும். கிட்டில் ஆளுக்கு 10 பட்டன் இருக்கிறதே என்று பத்தையும் பேனலில் நிரப்பவும் வேண்டாம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-க்கு மூன்று குத்து, மூன்று உதை, ஆறு போதும். நியோ ஜியோ விளையாட்டுகளுக்கு நான்கு. பாக்-மேனுக்கு ஸ்டார்ட், காயின் தவிர வேறு பட்டன் தேவையில்லை. ஆறு, ஸ்டார்ட், காயின் போக ஆளுக்கு இரண்டு மிஞ்சும். அந்த நான்கில் இரண்டைப் பேனலின் இரு பக்கவாட்டிலும் வைத்தால் பின்பால் விளையாட்டுக்கு ஃப்ளிப்பர் ஆகிவிடும், ரொம்ப நன்றாக இருக்கும், செய்து பாருங்கள். விளையாட்டை விட்டு வெளியேறும் பட்டனை மட்டும் கை படாத தூரத்தில் வையுங்கள்.

பலகையைப் பொறுத்தவரை கிட் உங்களிடம் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. இந்தக் கிளிப் வகைப் பட்டனும் இந்த ஸ்டிக்கும் மெல்லிய உலோகத் தகட்டுக்கும் அக்ரிலிக்குக்கும் செய்யப்பட்டவை. 18 மி.மீ. பிளைவுட்டிலோ, மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப்பிலோ கிளிப் பிடிக்காது, ஓட்டையின் இறுக்கத்தில்தான் பட்டன் நிற்கும். ஸ்டிக்கின் தண்டும் பலகைக்கு மேலே குட்டையாகிவிடும். ஸ்டிக் உட்காரும் இடத்தை அடிப்பக்கமாக ரூட்டர் என்ற மரம் குடையும் கருவியால் குடைந்து மெல்லியதாக்கலாம், இல்லையென்றால் பேனலுக்கு மட்டும் மெல்லிய தகடு போடலாம். கெட்டிப் பலகைதான் வேண்டும் என்றால் திருகி மாட்டும் நீளமான பட்டன்களைத் தனியாக வாங்குவது உத்தமம். ஓட்டைக்கு 30 மி.மீ. ஃபோர்ஸ்ட்னர் பிட்டோ ஹோல் சாவோ போதும். அடியில் ஒரு வீண் பலகையை இறுக்கி வைத்து டிரில் செய்தால் பிளைவுட் பிய்ந்து வராது. எம்டிஎஃப் அறுக்கும்போது வரும் தூசி மிக நுண்மையானது, மூச்சுக்கு நல்லதல்ல, முகக்கவசம் போடாமல் அறுக்கவே வேண்டாம்.

மென்பொருள் பக்கம் சுருக்கமாக. பழைய கணினி இருந்தால் அதுவே போதும், இல்லையென்றால் ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினி. ரெட்ரோபை, பட்டோசெரா, ரீகால்பாக்ஸ் என்ற மூன்று விளையாட்டு மென்பொருள்களும் இந்தப் போர்டைச் செருகியதும் ஜாய்ஸ்டிக் என்று அடையாளம் கண்டுகொள்ளும், பட்டன்களை வரிசையாக அழுத்திக் காட்டினால் முடிந்தது. பை 4 என்றால் 5.1 வோல்ட், 3 ஆம்பியர் கொடுக்கும் சரியான சார்ஜரைப் பயன்படுத்துங்கள், திரையில் மின்னல் குறி தெரிந்தால் மின்சாரம் போதவில்லை என்று அர்த்தம். மேம் திட்டம் 1997-இல் தொடங்கியது, இன்றுவரை வளர்கிறது, அதனால் ரோம் கோப்புகளும் (அசல் விளையாட்டு மென்பொருளின் நகல்கள்) பதிப்புக்குப் பதிப்பு மாறும். பை-யில் பலர் பயன்படுத்தும் மேம்2003 என்ற கோர் (விளையாட்டை ஓட்டும் மென்பொருள் பகுதி), மேம் 0.78 பதிப்புக்கான ரோம் தொகுப்பைத்தான் எதிர்பார்க்கும். "ரோம் திறக்கவில்லை" என்ற புகார்களில் பெரும்பாலானவை இந்தப் பொருத்தமின்மையால்தான் வருகின்றன. ஜிப் கோப்பைப் பிரிக்கவோ பெயர் மாற்றவோ கூடாது. ரோம்களுக்குப் பதிப்புரிமை உண்டு, கண்ட இடத்தில் இறக்காதீர்கள். கிரிட்லீ, ராபி ரோட்டோ போன்ற சிலவற்றை உரிமையாளர்கள் அனுமதியோடு மேம் திட்டத்தின் தளத்திலேயே இலவசமாகத் தருகிறார்கள், பேனலைச் சோதிக்க அவை போதும்.

பேனல் பிடித்துப்போன பிறகு கேபினட் யோசியுங்கள். மேசைமேல் வைக்கும் பார்டாப் முதல் கேபினட்டாக மிகப் பொருத்தம், இடமும் அடைக்காது, ஒரு தாள் பிளைவுட்டில் முடிந்துவிடும். பாக்-மேன், கேலகா எல்லாம் நெட்டுக்குத்தான திரையில் ஓடியவை, ஸ்ட்ரீட் ஃபைட்டர் படுக்கைத் திரை. இரண்டையும் ஓரளவு நியாயமாகக் காட்டுவது அலுவலகங்களில் கழித்துவிடும் 19 அங்குல, 1280-க்கு 1024 அளவுள்ள பழைய மானிட்டர். அகலத் திரையைவிட அது நன்றாக இருக்கிறது என்பேன். பழைய சிஆர்டி (குழாய்த் திரை) இல்லாமல் ஆர்கேட் ஆர்கேட்டே இல்லை, அசல் உதிரிபாகம் இல்லையென்றால் வராதே என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சிஆர்டியின் அழகு எனக்கும் பிடிக்கும், ஆனால் அதற்குள் ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கிறது, மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் மின்னூட்டம் தங்கி நிற்கும். தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் புதியவர் அதைத் திறக்கவே கூடாது. எல்சிடியில் தொடங்குகிற யாரும் இந்தப் பொழுதுபோக்கில் குறைந்தவர் இல்லை.

உங்கள் கையில் பழைய அசல் கேபினட் ஒன்று கிடைத்தால் அது வேறு கதை. உள்ளே இருக்கும் வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு இந்தக் கிட்டைத் திணிக்காதீர்கள், தயவுசெய்து. 1985-இல் வந்த ஜாமா தரத்தில் (கேபினட்டையும் கேம் போர்டையும் இணைக்கும் பொது முறை) 56 முனை இணைப்பு அதில் இருக்க வாய்ப்பு உண்டு, ஜே-பேக் போன்ற போர்டு வழியாகக் கணினியை அதில் அப்படியே இணைக்கலாம். வேலை செய்யும் அசல் பெட்டிகள் இனி புதிதாக வரப்போவதில்லை.

இந்தக் கிட் யாருக்கு வேண்டாம்? சண்டை விளையாட்டில் போட்டிக்குப் போகிறவர்களுக்கு வேண்டாம், நேராக அசல் சாண்வாவோ செய்மிட்சுவோ வாங்குங்கள். சென்டிபீட், மிசைல் கமாண்ட் விளையாட்டுகள் பிடித்தவர்களுக்குக் கையால் உருட்டும் டிராக்பால் வேண்டும், டெம்பெஸ்டுக்குச் சுழலும் குமிழ் வேண்டும், இந்தப் போர்டில் அவற்றுக்கு இடமில்லை. மற்ற எல்லோருக்கும், குறிப்பாகப் பிள்ளைகளோடு சேர்ந்து ஏதாவது செய்ய நினைப்பவர்களுக்கு, தயங்காமல் சொல்வேன். ஆர்டர் போடும்போது உதிரி மைக்ரோஸ்விட்ச் நான்கைந்து சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள், இந்தக் கிட்டில் முதலில் தேய்வது ஸ்டிக்கின் ஸ்விட்சுகள்தான். நான்கு ஸ்விட்சும் தனித்தனியாக இருக்கும் வகை என்றால் கழற்றி மாற்ற ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும்.